முறுக்கு அவிழ்ந்த மருந்து

பெரியவளிடம் சாப்பிட்டாயா, சுகமா என்ற விசாரிப்பெல்லாம் கிடையாது. சாயங்காலம் ஃபோன் அடிக்கும். எடுத்ததும் ஒரே கேள்விதான்.

"இன்னைக்குப் பாத்தியாடி?"

"பாத்தேன்கா."

"எப்படி இருக்கு?"

"நல்லா இறுக்கமா இருக்கு. நீ கவலைப்படாம இரு."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு வரும். உடனே ஃபோன் வைக்கப்படும். தங்கைக்கும் ஒரு வாய் இருக்கிறதே, அவளும் ஏதாவது சொல்ல நினைப்பாளே என்றெல்லாம் பெரியவளுக்குத் தோன்றாது. தோன்றுகிற நிலையிலும் அவள் இல்லை. பெற்ற பெண் கண் முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகத் துவண்டுகொண்டிருந்தால் யாருக்குத்தான் மரியாதை ஞாபகம் வரும்?

அக்கா தங்கை இருவர்தான். பெற்றவள் உயிரோடு இருந்தவரை பெரியவளே, சின்னவளே என்றுதான் கூப்பிட்டாள். அதுவே ஊருக்கும் பெயராகிவிட்டது. பெரியவளுக்கு ஒரே மகள். ஏழு வயது, எல்லாருக்கும் குட்டி. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பிள்ளை ஓடும்போது விழ ஆரம்பித்தாள். அப்புறம் மாடிப்படி ஏற முடியவில்லை. அப்புறம் கையிலிருந்து ஸ்பூன் நழுவியது. தசைகள் ஒவ்வொன்றாகக் கைவிடும் நோய் என்றார் டாக்டர். கடைசியில் நெஞ்சுக்கு வரும், மூச்சு நிற்கும் என்பதை அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். குட்டியின் உடம்பில் ஒரு மரபணு பழுது. நல்ல மரபணு ஒன்றை டி.என்.ஏ வளையத்தில் வைத்து உள்ளே அனுப்பினால் நோய் அங்கேயே நிற்கும். ஆனால் பிள்ளை தானாக மூச்சு விடும்போதே கொடுத்துவிட வேண்டும். மூச்சுக்கு மெஷின் வைத்த பிறகு பிரயோஜனம் இல்லை.

அந்த மாதிரி மருந்து செய்யும் இடத்தில்தான் சின்னவளுக்கு வேலை. பரிசோதனை அறை. குட்டிக்கென்று தனியாக ஒரே ஒரு பாட்டில் மருந்து செய்தார்கள். கட்டைவிரல் உயரம்கூட இருக்காது. அது தன் அக்கா மகளுக்குப் போகிற மருந்து என்று சின்னவள் வேலை இடத்தில் மூச்சு விடவில்லை. சொன்னால் வேறு வேலைக்கு மாற்றிவிடுவார்கள். சொந்த ரத்தத்தின் மருந்தைச் சொந்தக்காரர் தொடக் கூடாது என்பது அங்கே சட்டம். அந்தச் சட்டம் எதற்கு இருக்கிறது என்று அவளுக்குப் பின்னால்தான் புரிந்தது.

"என் மருந்து எப்படி இருக்கும் சித்தி?" என்று குட்டி ஒரு நாள் கேட்டாள்.

சின்னவள் தையல் டப்பாவிலிருந்து கம்பளி நூலை எடுத்தாள். "இந்த முனையை நீ பிடி. அந்த முனையை நான் பிடிக்கறேன். இப்ப முறுக்கு. நீ அப்படி, நான் இப்படி. இன்னும் முறுக்கு."

நூல் விறைத்துக்கொண்டது. சின்னவள் தன் கையை மெதுவாகக் குட்டியின் கைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். நடுவில் நூல் தானாகவே தன்மேல் சுற்றிச் சுற்றிச் சுருண்டு ஒரு சின்னக் கட்டியாயிற்று. குட்டி வாயைப் பிளந்தாள்.

"பாத்தியா? நீளமா இருந்தது எவ்வளவு சின்னதாயிடுச்சு. இப்படிச் சுருண்டு இருந்தாத்தான் அடிச்சாலும் இடிச்சாலும் தாங்கும். ஊசிக்குள்ள போகும், உடம்புக்குள்ள போகும், சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும்."

அதற்குள் குட்டியின் விரல் தளர்ந்தது. நூல் விர்ரென்று சுழன்று பிரிந்து தொங்கிப்போனது.

"ஐயோ, போச்சு!"

"ஒரு முனையை விட்டாப் போதும்டா கண்ணு. மொத்த முறுக்கும் போயிடும்."

குட்டிக்கு அது விளையாட்டாகிவிட்டது. சித்தி வந்தால் நூலை எடுக்கச் சொல்வாள். நூல் பிரிந்ததும், "யாரு விட்டது?" என்று அதிகாரமாகக் கேட்பாள். விட்டவர் கையைத் தூக்கி "நான்தான்" என்று ஒத்துக்கொள்ள வேண்டும். எப்போதும் குட்டியின் விரல்தான் முதலில் தளரும். அது தெரிந்ததும் சின்னவள் முந்திக்கொண்டு வேண்டுமென்றே விட்டுவிட்டுக் கையைத் தூக்குவாள். "உனக்கு ஒண்ணும் பிடிக்கத் தெரியல சித்தி" என்று திட்டு விழும். பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருக்கும் பெரியவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

பாட்டில் தயாராகி வந்த வாரமே குட்டிக்குச் சளி பிடித்தது. பிறகு காய்ச்சல். நெஞ்சு தெளியட்டும், அப்புறம் ஊசி போடலாம் என்று ஆஸ்பத்திரி தள்ளிப்போட்டது. பாட்டில் உறைபெட்டியில் காத்துக்கிடந்தது. பெரியவளின் ஃபோன் அன்றிலிருந்துதான் ஆரம்பித்தது.

முதலில் சின்னவள் நியாயமாகத்தான் பதில் சொன்னாள். "நேத்துதான்கா பாத்தேன். உறைஞ்சு கிடக்குது. ஒரே நாள்ல அதுக்கு என்ன ஆயிடும்?"

"ஒரே நாள்லதான்டி இவளுக்குக் கழுத்து நிக்காமப் போச்சு" என்றாள் பெரியவள்.

சின்னவள் மறுநாள் பார்த்தாள்.

பார்ப்பது என்றால் கண்ணால் உற்றுப் பார்ப்பது அல்ல. பாட்டிலைப் பார்த்தால் பச்சைத் தண்ணீர் போலத்தான் இருக்கும். கரைத்து, ஒரு துளி எடுத்து, ஜெல்லிப் பலகையில் விட்டு, மின்சாரம் பாய்ச்ச வேண்டும். இறுகச் சுருண்ட வளையம் ஜெல்லியின் சந்துபொந்துகளில் புகுந்து வேகமாக ஓடிவிடும். வளையத்தின் இரண்டு இழைகளில் ஒன்றில் எங்கேயாவது ஒரே ஒரு வெட்டு விழுந்திருந்தாலும் முறுக்கு அவிழ்ந்து வளையம் விரிந்துவிடும். நெரிசலில் உடம்பை ஒடுக்கிக்கொண்டு போகிறவன் முன்னால் போவான், குடையை விரித்துக்கொண்டு போகிறவன் மாட்டிக்கொண்டு நிற்பான் அல்லவா, அந்தக் கதைதான். விளக்கடியில் வைத்தால் கீழே ஒரு பட்டை ஒளிரும். அது நல்ல மருந்து. மேலே இன்னொரு பட்டை தெரிந்தால் அது அவிழ்ந்துபோனது. அவிழ்ந்தது பாதி வழியிலேயே முறிந்துபோகும். சேர வேண்டிய இடத்துக்குப் போகாது.

பாட்டிலோடு சோதனைக்கென்று சின்னக் குப்பிகள் சிலவும் வந்திருந்தன. அதே மருந்துதான். சின்னவள் ஒவ்வொரு குப்பியாக எடுத்தாள். ஒவ்வொரு முறையும் கீழே ஒரே பட்டை, பளிச்சென்று. அதைப் பார்த்ததும் அவளுக்குள் ஏதோ இறங்கி அமைதியாகும். அன்றைக்குச் சோறு இறங்கும், தூக்கம் வரும். பெரியவளிடம் சொன்னதும் அந்தப் பக்கம் பெருமூச்சு. இரண்டு வீட்டுக்கும் அன்றைய படி அளந்தாயிற்று.

குப்பிகள் தீர்ந்தன. ஒன்றே ஒன்று மிச்சம். மருந்து வெளியே போகும் முன் கடைசிச் சோதனைக்கு அது. அதைத் தொட்டால் மேலதிகாரிக்குத் தெரிந்துவிடும்.

பார்க்காமலே பார்த்தேன் என்று சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்கிறேன். அந்த ஒரு பொய்யைச் சொல்லியிருந்தால் எல்லாம் சரியாக நடந்திருக்கும். ஆனால் அவளுக்கு அக்காவிடம் பொய் வராது. அது மட்டுமில்லை. அதற்குள் அவளுக்கே அந்தப் பட்டையைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அக்கா கேட்கிறாள் என்று ஆரம்பித்தது, அக்கா கேட்பதற்கு முன்பே கை பரபரக்கும் அளவுக்கு வந்துவிட்டது.

அவள் பாட்டிலைத் திறந்தாள். ஒரே ஒரு துளி, இன்னைக்கு மட்டும், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மறுநாளும் அதையே சொல்லிக்கொண்டாள்.

இதைச் செய்தவள் யார் தெரியுமா? புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள் குப்பியைக் குலுக்கினால், "அது என்ன இருமல் மருந்தா?" என்று பாய்கிறவள். "உறைஞ்சதைக் கரைச்சா ஒரு தடவைதான். மறுபடி உறைய வெச்சா உள்ள ஐஸ் ஊசி ஊசியா வளரும். இழையைக் குத்தும், இழுக்கும். எங்கயாவது ஒரு வெட்டு விழும். அப்புறம் அழுதாலும் வராது" என்று பாடம் நடத்துகிறவள். தெரியாமல் செய்தால் பரிதாபப்படலாம். எல்லாம் தெரிந்தும், தன் கைக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு என்று நினைத்துவிட்டாள். நான் மெதுவாகக் கரைக்கிறேனே, உள்ளங்கைச் சூட்டிலேயே கரைக்கிறேனே, குலுக்குவதே இல்லையே! பிள்ளையைத் தொடுகிற மாதிரித்தான் தொட்டாள். ஐஸுக்கு அதெல்லாம் தெரியுமா?

உறைபெட்டி அறையைப் பார்த்துக்கொள்கிறவரைப் பெட்டிக்காரர் என்பார்கள். சாவி அவரிடம்தான். அவள் பாட்டிலைக் கையுறைக்குள் பொத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்துச் சிரிப்பார்.

"என்னம்மா, பாட்டிலைத் தூங்க வைக்கிறியா? தாலாட்டு பாடவா?"

"சும்மா ஒரு சோதனைண்ணே."

"நீ எடுத்தா நான் ஏன் கேக்கப் போறேன்? மத்தவங்க எடுத்தாத்தான் எனக்குப் பயம்."

அந்த மனுஷனின் நம்பிக்கையும் சேர்ந்துதான் பின்னால் நாசமாயிற்று.

ஒரு நாள் விளக்கடியில் வைத்தபோது மேலே ஒரு கோடு தெரிந்தது. மங்கலாக, அழுக்குப் போல. சின்னவள் விளக்கைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். ஜெல்லி சரியில்லை என்று சொல்லிக்கொண்டாள். பாட்டிலை இன்னொரு தரம் கரைத்து வேறு ஜெல்லி வார்த்தாள். கோடு முன்னைவிடத் தடித்திருந்தது. பாட்டிலைக் கொண்டுபோய் வைத்தவள் அதன் பிறகு அந்த அறைப் பக்கமே போகவில்லை.

சாயங்காலம் ஃபோன் அடித்தது.

"இன்னைக்குப் பாத்தியாடி?"

"பாத்தேன்கா."

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

வராத பொய் அன்றைக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு தினமும் வந்தது.

குட்டிக்குக் காய்ச்சல் விட்டது. நெஞ்சு தெளிந்துவிட்டது, மருந்தை அனுப்புங்கள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லிவிட்டார்கள். கடைசிக் குப்பியை மேலதிகாரியே சோதித்தார். அந்த அம்மாளுக்கு ஐஸ் மேடம் என்று பெயர். உறைபெட்டியோடு காலம் தள்ளுகிறவர் என்பதால் ஒரு பாதி, எதற்கும் உருகாதவர் என்பதால் மறு பாதி. விளக்கைப் போட்டதும் அந்த ஐஸ் மேடமே புன்னகைத்தார். யார் கையும் படாத குப்பி அல்லவா, கீழே ஒரே பட்டை, தீட்டிய கத்தி மாதிரி.

"இவ்வளவு சுத்தமா நான் பாத்ததே இல்ல. நாளைக்குக் காலைல அனுப்பிடலாம். அந்தப் பொண்ணு கொடுத்து வெச்சவ" என்றார்.

குப்பி வேறு, பாட்டில் வேறு என்பது அந்தக் கட்டிடத்திலேயே சின்னவள் ஒருத்திக்குத்தான் தெரியும். வாயை மூடிக்கொண்டால் பாட்டில் போய்விடும். அக்கா சந்தோஷப்படுவாள். கொஞ்ச நாளைக்காவது சந்தோஷப்படுவாள். ஒருவேளை பாதி மருந்தே வேலை செய்துவிட்டால்? நோய்க்கு இரக்கம் வந்துவிட்டால்?

வராது. அதுவும் அவளுக்குத் தெரியும். இந்த மருந்தை உடம்பு ஒரு முறைதான் உள்ளே விடும். அடுத்த முறை வந்தால் எதிரி என்று அடையாளம் கண்டு அடித்து விரட்டிவிடும். கெட்டுப்போனதைக் கொடுத்தால் நல்லதற்கும் கதவு சாத்தியாகிவிடும்.

"மேடம்" என்றாள். மறுபடியும் கூப்பிட்டாள். "மேடம், பாட்டிலையும் சோதிக்கணும்."

"எதுக்கு? ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணு இல்ல. நான் திறந்துட்டேன்."

"எத்தனை தடவை?"

சின்னவள் யோசித்தாள். உண்மையிலேயே அவளுக்கு எண்ணிக்கை தெரியவில்லை. ஐஸ் மேடம் அதற்கு மேல் கேட்காமல் பாட்டிலை எடுத்துவரச் சொன்னார்.

இருவரும் பாட்டிலைச் சோதித்தார்கள். துளியைத் தானே விடுவதாகச் சின்னவள் கையை நீட்டினாள். மேடம் அந்தக் கையை ஒதுக்கிவிட்டார். விளக்கைப் போட்டார்கள். கீழே நல்ல பட்டை இளைத்துப் போயிருந்தது. மேலே அவிழ்ந்த பட்டை கொழுத்துத் தடித்துக் கிடந்தது. நடுவில் முழுதாக அறுந்து நீண்டுபோனவற்றின் கோடு ஒன்று. தேற்றிக்கொள்ள எதுவும் மிச்சமில்லை.

"யாரு அந்தப் பொண்ணு?" என்று கேட்டார் மேடம்.

"எங்க அக்கா பொண்ணு."

"முதல்லயே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா என்னை மாத்தியிருப்பீங்க."

"ஆமா, மாத்தியிருப்பேன்" என்றார் ஐஸ் மேடம். "பாட்டில் பிழைச்சிருக்கும்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் சின்னவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். புதிதாகச் செய்ய உடனே ஏற்பாடு பண்ணுகிறேன் என்றார். பாக்டீரியாவை வளர்த்து, வளையத்தைப் பிரித்தெடுத்து, சுத்தப்படுத்தி, சோதித்து முடிக்க மாதக்கணக்கில் ஆகும். அவ்வளவு நாள் அந்தப் பிள்ளை தானாக மூச்சு விடுமா என்று அவர் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் பதில். அப்புறம் பாட்டிலை எடுத்து, தானே மூடியைத் திறந்து, ப்ளீச் தண்ணீரில் கொட்டினார். வாசலில் பெட்டிக்காரர் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"நீ எடுத்தா நான் ஏன் கேக்கப் போறேன்னு சொன்னேனேம்மா" என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்கால ஃபோனுக்குச் சின்னவள் காத்திருக்கவில்லை. நேராக அக்கா வீட்டுக்குப் போனாள். கூடத்தில் சாய்வு நாற்காலியில் குட்டி தலையணைகளுக்கு நடுவே உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தாள். பக்கத்தில் ஆஸ்பத்திரிக்கான பை. அதில் குட்டியின் சட்டைகள், துண்டு, பல் துலக்கும் பிரஷ், எல்லாவற்றுக்கும் மேலே கம்பளி நூல் உருண்டை. பெரியவள் பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். பல மாதங்களுக்குப் பிறகு தலையை ஒழுங்காக வாரியிருந்தாள்.

"வாடி! என்ன இந்நேரத்துக்கே? நாளைக்கு நீயும் கூட வர்றியா?"

சின்னவள் அவளைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டுபோய்ச் சொன்னாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். பாட்டில் கெட்டுவிட்டது. கெடுத்தது நான்தான். திறந்து திறந்து பார்த்ததில் முறுக்கு அவிழ்ந்துவிட்டது. நாளைக்கு ஊசி கிடையாது. புதிதாகச் செய்ய மாதக்கணக்காகும்.

பெரியவள் முதலில் சிரித்தாள். பிறகு தங்கையின் முகத்தைப் பார்த்தாள்.

"நல்லா இருக்குன்னு சொன்னியேடி. நேத்துகூடச் சொன்னியே."

"பொய் சொன்னேன்கா."

"உன்னை யாருடி தொடச் சொன்னா? யாரு திறக்கச் சொன்னா? அதுபாட்டுக்குக் கிடந்ததே! உன் கை சும்மா இருக்காதா? எம் பொண்ணு உசுருடி அது, எம் பொண்ணு உசுரு!"

நீதானே தினமும் கேட்டாய் என்ற வார்த்தை சின்னவளின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் அதை விழுங்கினாள். அடிக்கட்டும் என்று நின்றாள். பெரியவள் அடிக்கவும் செய்தாள், தோளில், முதுகில், கை ஓயும் வரை. ஓய்ந்ததும் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதை மூடக்கூட இருவருக்கும் தெம்பில்லை.

கூடத்திலிருந்து குட்டி கூப்பிட்டாள். பலமாகக் கூப்பிட முடியாது அவளால். மூச்சை இழுத்து இழுத்துக் கூப்பிட்டாள்.

"சித்தி, என் மருந்து அவுந்துடுச்சா?"

சமையலறைக்குக் கதவு கிடையாது. எல்லாம் கேட்டிருக்கிறது. சின்னவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டாள்.

"ஆமாண்டா கண்ணு."

குட்டி விளையாட்டில் கேட்கிற அதே அதிகாரத்தோடு கேட்டாள்.

"யாரு விட்டது?"

சின்னவள் கையைத் தூக்கினாள். 'நான்தான்' என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் சமையலறை வாசலில் பெரியவள் வந்து நின்றாள். வாரிய தலை கலைந்து கிடந்தது. மகளைப் பார்த்துக்கொண்டு அவளும் கையைத் தூக்கினாள்.

"ரெண்டு பேரும்தான்டி. உங்க சித்தியும் நானும்."

குட்டி இருவரின் கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டு பேரும் சேர்ந்து விட்டது இதுவரை விளையாட்டில் நடந்ததே இல்லை.

"உங்களுக்கு ஒண்ணும் பிடிக்கத் தெரியல" என்றாள். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "சரி, மறுபடி முறுக்குங்க. ரொம்ப நேரம் ஆகுமா?" என்று கேட்டாள்.

குட்டியின் தலை ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது. இருவரும் ஒரே சமயத்தில் கையை நீட்டி அதை நிமிர்த்தித் தலையணையில் வைத்தார்கள்.